அக்கா சொன்னதும் நான் எழுதியதும்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் செய்த தவறு முழுவதும் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்தேன். ஓய்வு பெற்று மூன்றோ நான்கோ ஆண்டுகள் ஆகியிருந்தபோது, தொண்ணூறுகளின் நடுவில், என்னை நம்பி வந்த ஒருவனின் வாழ்நாள் ஆசையைச் சிவப்பு மையால் அடித்துக் கெடுத்தேன். அடிக்கும்போது நான் தமிழுக்குத் தொண்டு செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். முழுக்க அப்படி நினைத்தேன் என்றும் சொல்ல முடியாது. அதையும் பிறகு சொல்கிறேன்.

அவனுடைய அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் உறவு ஒன்றும் கிடையாது. நான் வளர்ந்த தெருவின் ஒரு கோடியில் தோல் பதனிடுகிற ஆலை இருந்தது, தோல் ஷாப்பு என்போம். அங்கே என் அப்பா எழுத்தர். அக்கா தோல் அலசுகிற தொழிலாளி. நான் அக்கா என்று அழைத்ததால் அவள் மகன் எனக்கு மாப்பிள்ளை ஆனான். பதினோரு வயது இளையவன். "என்ன மாமா" என்பான். "என்ன மாப்ளே" என்பேன். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இப்படியே போயின.

எட்டாம் வகுப்புக்கு மேல் அவன் படிக்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தான். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, தேர்தல் துண்டறிக்கை. மீதி நேரத்தில் நாடகம் எழுதுவான். தாடிக்கொம்பிலிருந்து வத்தலக்குண்டு வரைக்கும் எத்தனையோ திருவிழாக்களில் அவன் நாடகம் போட்டிருக்கிறார்கள். நான் இரண்டு பார்த்திருக்கிறேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மதுரையிலிருந்து ஒரு தயாரிப்பாளர் அவனைத் தேடி வந்தார். அவன் நாடகம் ஒன்றை எங்கோ பார்த்தவர். தொலைக்காட்சிக்குப் பதின்மூன்று வாரத் தொடர் ஒன்று எடுக்க அனுமதி வாங்கி வைத்திருந்தார். சுதந்திரம் வந்த காலத்துக் கதை வேண்டும், உள்ளூர்க் கதையாக இருந்தால் நல்லது என்றார். அவனிடம் ஒரே ஒரு கதைதான் அப்படி இருந்தது. தோல் ஷாப்பில் வேலை செய்கிற ஒரு பெண். புருஷன் பிழைப்புக்குக் கொழும்புக்குப் போய்விடுகிறான். அவள் காத்திருக்கிறாள். அது அவன் அம்மாவின் கதை.

அவன் அப்பா கொழும்பில் காய்ச்சல் கண்டு இறந்தவர். கூட வேலை பார்த்த ஒருவர் தகரப் பெட்டியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது மாப்பிள்ளைக்கு எட்டு வயதிருக்கும். அப்பாவின் குரலே தனக்கு நினைவில்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறான்.

தொடர் உறுதியான அன்று அவன் என் வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்காரவே இல்லை. "அம்மாவுக்கு எழுவது தாண்டிருச்சு மாமா. ஒரு கண்ணு சுத்தமாத் தெரியல. காது நல்லாக் கேக்குது. அவ பேசுன பேச்ச அவ டிவியில கேக்கணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்" என்றான்.

அவன் வசனம் எழுதிய விதத்தைச் சொல்ல வேண்டும். அச்சகத்திலிருந்து வந்ததும் அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து, அன்று எழுதியதைப் படித்துக் காட்டுவான். அக்கா காலை நீட்டிக்கொண்டு கேட்பாள். அவள் சிரித்தால் அந்த வரி நிற்கும். முகத்தைச் சுளித்தால் அடித்துவிடுவான். ஒருநாள் நானும் இருந்தேன். கொழும்புக்குக் கிளம்புகிற புருஷனிடம் மனைவி பேசும் இடம். "ஒங்கள விட்டுட்டு நான் எப்பிடி இருப்பேன்" என்று எழுதியிருந்தான். அக்கா கையை ஆட்டினாள்.

"இப்பிடி எவடா சொல்லுவா. 'போறவுக போங்க, அரிசிக்கு வழி சொல்லிட்டுப் போங்க'ன்னு சொல்லுவா. அவுக தல மறஞ்சப்பறம் உள்ள போயி அழுவா."

அவன் அப்படியே எழுதிக்கொண்டான். எனக்கு அந்த வரி பிடித்தது. பிடித்தது எனக்கே பிடிக்கவில்லை.

ஆறு வாரத்துக்கு எழுதி முடித்தபோது தயாரிப்பாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வசனத்தில் டிமிக்கி கொடுக்கிறார்கள், டபாய்க்கிறார்கள், சோக்காக உடுத்துகிறார்கள். இதெல்லாம் இன்றைக்குப் பேருந்து நிலையத்தில் பையன்கள் பேசுவதல்லவா, ஐம்பது வருடத்துக்கு முன்னால் இருந்திருக்குமா என்று கேட்டிருக்கிறார். பழங்காலத்துப் படங்களில் யாரும் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. நன்றாகப் படித்தவர் ஒருவர் பார்த்து, சரிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டால் காட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எங்க மாமா இருக்காரு, எம்.ஏ. படிச்சவரு, அதே தெருவுல வளந்தவரு என்று சொல்லிவிட்டான்.

வசன நோட்டுகளோடு ஒரு பிஸ்கட் டப்பாவையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். அவன் அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்த கடிதங்கள் அதற்குள் இருந்தன. அக்கா கொழும்புக்கு எழுதியவை, முப்பதுக்கு மேல் இருக்கும். அந்தக் காலத்தை நினைவுபடுத்திக்கொள்ள உதவும் என்றான். அந்தக் கடிதங்கள் எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஷாப்பை ஒட்டிய எங்கள் வரிசை வீடுகளில் பத்தாவது வரை படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் வெளியூருக்குப் போகும் கடிதங்களை நான்தான் எழுதினேன். பதினேழு வயது எனக்கு. அக்கா வேலை முடிந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவாள். அப்படியும் தோல் வாடை போகாது. எதிரே குந்தி உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவேன். கடைசியில் படித்துக் காட்டுவேன்.

அந்த டப்பாவை ஒரு வாரம் வைத்திருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். "அன்புள்ள கணவர் அவர்களுக்கு, தங்கள் அன்பு மனைவி எழுதிக்கொண்டது. நலம். தங்கள் நலமறிய ஆவல்." எல்லாக் கடிதமும் அப்படித்தான் தொடங்கியது. அப்படியேதான் முடிந்தது. முப்பது கடிதத்தில் ஒரு கொச்சைச் சொல் இல்லை. நூலகத்துக்குப் போய் அந்தக் காலத்துப் பத்திரிகைகளையும் புரட்டினேன். அவற்றிலும் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

என் எண்ணம் இப்படி ஓடியது. அக்கா நாற்பது வருடமாகச் சினிமா பார்க்கிறாள், ரேடியோ கேட்கிறாள். இன்றைய பேச்சு அவள் காதில் ஏறி, பழைய பேச்சோடு கலந்துவிட்டது. இளம் வயதில் இப்படித்தான் பேசினோம் என்று அவளே நம்புகிறாள். கிழவியின் நினைவு சான்றாகாது. தாளில் இருப்பதே சான்று. இந்த வாதத்தில் பாதி சரிதான். நினைவு பொய் சொல்லும் என்பது உண்மை. யாருடைய நினைவு பொய் சொன்னது என்பதில்தான் நான் தவறினேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். இளமையில் நானும் ஒரு நாடகம் எழுதினேன். பாண்டிய நாட்டு மன்னன் ஒருவனைப் பற்றியது. பள்ளி ஆண்டுவிழாவில் ஒரே ஒருமுறை மேடையேறியது. இரண்டாம் காட்சியில் முன்வரிசைக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். நான்காம் காட்சியில் பிள்ளைகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள். எட்டாம் வகுப்பு படித்தவனைத் தேடி மதுரையிலிருந்து கார் வந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தபோதும் அது இருந்தது.

பன்னிரண்டு பக்கம் எழுதினேன். டிமிக்கி, டபாய்ப்பு, சவடால், சோக்கு என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இவை சினிமாவாலும் பட்டணத்துப் பழக்கத்தாலும் பிற்காலத்தில் வந்தவை, சுதந்திரக் காலத்துத் தொழிலாளர் வாயில் வைப்பது காலப்பிழை என்று தீர்ப்புச் சொன்னேன். அந்தக் கால எளிய மக்கள் எவ்வளவு கண்ணியமாகப் பேசினார்கள் என்பதற்கு அக்காவின் கடிதங்களிலிருந்தே மேற்கோள் காட்டினேன். யார் எழுதிய கடிதங்கள் என்று குறிப்பிடவில்லை. கதாசிரியரின் தாயார் எழுதியவை என்று மட்டும் போட்டேன். நோட்டுகளில் பக்கத்துக்குப் பத்து இடமாவது அடித்திருப்பேன். கொடைரோட்டில் இருந்த பழைய மாணவர் ஒருவரிடம் தட்டச்சு செய்து வாங்கி, நேரே மதுரைக்கு அனுப்பினேன். அவனிடம் முதலில் காட்டவில்லை.

நான்காம் நாள் அவன் வந்தான். அறிக்கையின் பிரதி அவன் சட்டைப்பையில் மடிந்திருந்தது.

"டப்பாவ வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன் மாமா" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்து எண்ணிப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டான். தோல் ஷாப்பு மேஸ்திரிகளில் பாதிப்பேர் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமிருந்து வந்து உருது பேசியவர்கள் அல்லவா, பகல் முழுக்க அவர்களிடம் ஏச்சு வாங்கிய சனத்துக்கு அவர்கள் பேச்சிலிருந்து இந்த வார்த்தைகள் ஒட்டாமலா இருந்திருக்கும் என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் அவன் மடியிலிருந்த கடிதங்களைச் சுட்டிக் காட்டினேன். ஊகம் வேறு, சான்று வேறு என்றேன்.

"இது நீ எழுதுனதுதான மாமா."

"எழுதுனது நான். சொன்னது ஒங்கம்மா. எழுத்துப் பிழைய மட்டும்தான் திருத்துனேன்."

"எங்கம்மாவா 'நலமறிய ஆவல்'னு சொன்னா?"

"அது கடிதத்துக்குள்ள மரபு. மிச்சமெல்லாம் அவ சொன்னது."

அப்போது நான் பொய் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு எனக்கு உண்மையாகவே அப்படித்தான் நினைவிருந்தது. அவள் சொன்னாள், நான் எழுதினேன், பிழை இருந்த இடத்தில் திருத்தினேன். இதை எந்தக் கோயிலில் நின்றும் சத்தியம் செய்திருப்பேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "சரி மாமா. நீ படிச்சவன்" என்று சொல்லிவிட்டு டப்பாவோடு எழுந்து போனான்.

அடுத்த வாரம் தயாரிப்பாளர் என் வீட்டுக்கு வந்தார். எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். படப்பிடிப்புக்குத் தேதி குறித்தாகிவிட்டது, கதை உங்கள் மாப்பிள்ளையுடையதாகவே இருக்கட்டும், வசனத்தை மட்டும் நீங்களே திருத்தி எழுதிக் கொடுங்கள் ஐயா என்றார். ஒருநாள் அவகாசம் கேட்டேன். என் மனைவி அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அந்தப் பயகிட்ட கேட்டுக்கிட்டுச் செய்யுங்க." நான் கேட்கவில்லை. மறுநாள் சம்மதம் சொல்லிவிட்டேன். நான் மறுத்தால் சென்னையிலிருந்து யாரையாவது கூட்டிவருவார்கள், அதற்கு நான் எழுதுவதே அவனுக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதின்மூன்று வாரத்தையும் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். அரிசிக்கு வழி கேட்கிற வரி போய்விட்டது. அந்த இடத்தில், "சென்று வாருங்கள், தங்கள் வரவை எதிர்பார்த்திருப்பேன்" என்று வைத்தேன்.

தொடர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. முதல் வாரம் அக்கா ஆளனுப்பிக் கூப்பிட்டாள். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவன் சொல்லவில்லை. கதை மகனுடையது, எழுத்தில் மாமாவும் கூடமாட இருந்தான் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். நான் போனேன். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பாளே என்று பயந்து போனேன்.

வரிசை வீடுகளில் பாதிச் சனம் அந்தக் கூடத்தில் இருந்தது. அக்கா பெட்டிக்கு மிக அருகில், நல்ல கண் பக்கமாகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சாமான் வைக்கிற இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கதை என்று அவன் பெயர் ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். வசனம் என்று என் பெயர் ஓடியது. அவன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சுங்குடிச் சேலை கட்டிய ஒரு சிவத்த பெண் தோல் தொட்டியருகே நின்று பேசினாள். "ஆண்டவன் நம்மைக் கைவிட மாட்டான் அத்தான்." பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொரு தொழிலாளி கூலியைப் பற்றிப் பேசினான். பள்ளிக்கூட ஆய்வாளர் பேசியது போல இருந்தது. அக்கா மகன் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இவ யாருடா, தொர வீட்டுப் பொம்பளையா?"

"இல்லம்மா. தோல் ஷாப்புல வேல பாக்குறவ."

"எந்த ஊரு ஷாப்பு?"

அக்கா மறுபடி பெட்டியைப் பார்த்தாள். விளம்பரம் வந்தது, போனது. அந்தப் பெண் மறுபடி வந்து புருஷனை வழியனுப்பினாள். கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"நம்ம சனம் எப்பப்பா வரும்?"

"வருவாகம்மா. அடுத்த வாரம்" என்றான்.

அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. பதின்மூன்று வாரமும் அக்கா விடாமல் பார்த்தாள் என்றும், ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வியைக் கேட்டாள் என்றும், அவனும் அதே பதிலைச் சொன்னான் என்றும் பக்கத்து வீட்டுக்காரர் பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அது கிழவியின் வேடிக்கை.

தொடரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஒரு பத்திரிகையில் தூய தமிழ் வசனம் என்று நாலு வரி வந்தது. அதை வெட்டி வைத்திருந்தேன். தயாரிப்பாளர் பிறகு எங்கள் இருவரையும் தேடி வரவில்லை.

இரண்டாயிரம் பிறப்பதற்கு முன்பே அக்கா போய்விட்டாள். துக்கத்துக்குப் போனேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்தான், விட்டான். அதற்குள் அவன் நாடகம் எழுதுவதை நிறுத்தியிருந்தான். அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் வேலையும் போயிற்று. ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டோடு போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

என் மனைவி இறந்த அடுத்த வருடம், வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தார்கள். அதில் என் பழைய பள்ளி நோட்டு ஒன்று கிடைத்தது. கெட்டி அட்டை போட்ட கட்டுரை நோட்டு. பத்தாவதில் மாவட்டப் பரிசு வாங்கிய கட்டுரை அதில் இருந்ததால் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். நடுவில் எத்தனையோ முறை எடுத்து அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறேன். நோட்டின் பின்பக்கத்தை மட்டும் புரட்டியதே இல்லை.

அன்று வெள்ளையடிப்பவர் தவறவிட்டார். பின்பக்கம் விரிந்து விழுந்தது. இடப்பக்கம் பென்சில், வலப்பக்கம் மை. பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

"போட்டோ வந்துச்சு. சோக்காச் சட்ட போட்டு கிராப்பு வெட்டி நிக்கிறீக. இங்க வெஞ்சனத்துக்கு வழியில்லாம வெறுஞ்சோத்தத் திங்கிறோம். எனக்கு டிமிக்கி குடுத்துட்டு அங்கனயே கெடந்துரலாமுன்னு நெனப்பிருந்தா இப்பவே விட்ருங்க. கப்பலேறி வந்து காதப் புடிச்சு இழுத்தாந்துருவேன். பய ஒங்கள மாதிரியே வாயத் தெறந்துக்கிட்டுத் தூங்குறான். பாத்தாச் சிரிப்பா வருது. அப்பறம் சிரிப்பு வரல."

வலப்பக்கத்தில் அழகான மை எழுத்தில் இருந்தது: "தங்கள் புகைப்படம் கிடைக்கப்பெற்று மிக்க மகிழ்ச்சி அடைந்தேன். இங்கு யாவரும் நலம். குழந்தை நலம். தாங்கள் விரைவில் ஊர் திரும்ப ஆண்டவனை வேண்டுகிறேன்."

நோட்டை ஜன்னலருகே கொண்டுபோய் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் படித்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கொழும்புக் கடிதத் தாள் ஒன்றுதான் இருக்கும், அதில் அடித்தல் திருத்தல் கூடாது. அதனால் முதலில் அவள் சொல்வதை எதையும் விட்டுவிடாமல் பென்சிலில் குறித்துக்கொள்வேன். அப்புறம் எதிர்ப்பக்கத்தில் நல்ல தமிழாக்குவேன். அதைத்தான் தாளில் எழுதுவேன். படித்துக் காட்டும்போது அக்கா தலையைக் குனிந்து கேட்பாள். "பெரிய எடத்துப் பொம்பள பேசுன மாதிரி இருக்கு அப்பு" என்று கூச்சத்தோடு சிரிப்பாள். "நாஞ் சொன்னது அம்புட்டும் வந்துருச்சா?" என்பாள். வந்துவிட்டது என்பேன். வெறுஞ்சோறு தின்கிறோம் என்பதை அந்த மனிதரிடம் நான் சொல்லவே இல்லை. மகன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதையும் சொல்லவில்லை. அவர் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்த முப்பது கடிதத்திலும் அவர் மனைவி இல்லை. என் கட்டுரைதான் இருந்தது.

நாம் எல்லாரும் செய்கிற காரியம் இது. வாயால் ஒன்று பேசி, பேனாவை எடுத்தால் வேறு ஆளாகிவிடுகிறோம். பிறகு அந்தத் தாளைப் பார்த்து, முன்னோர் இப்படித்தான் பேசினார்கள் என்கிறோம். சரித்திரக் கதையில் கொச்சை வரலாமா என்று இன்றும் யாராவது கூட்டத்தில் கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை.

மறுவாரம் நோட்டை எடுத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவன் மருமகன் வாசலுக்கு வந்து, "ஏனுங்க, யாரைப் பார்க்கோணும்" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவன் எட்டிப் பார்த்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "வா மாமா" என்றான். அவ்வளவுதான். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன். எதுவும் வரவில்லை. நோட்டைப் பிரித்து, பென்சில் பக்கத்தை அவன் கையில் கொடுத்தேன். "நாந்தான் தப்பு. ஒங்கம்மா அப்பிடித்தான் பேசுனா. எங்கையாலயே எழுதி வச்சிருக்கேன். மறந்துபோச்சு மாப்ளே" என்றேன்.

அவன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டான். முதலில் உதட்டுக்குள் படித்தான். பிறகு சத்தமாகப் படித்தான். இரண்டாவது வரியிலேயே குரல் மாறிவிட்டது. அக்கா கையை ஆட்டுவாளே, அப்படி அவன் கையும் ஆடியது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற இடம் வந்ததும் உள்ளேயிருந்து அவன் மகள், "அப்பா இப்பவும் அப்பிடித்தான் தூங்குது" என்றாள். அவன் சிரித்தான். படிக்கிற வரியை விட்டுவிட்டான். மறுபடி தேடி எடுத்துக் கடைசி வரையில் படித்தான். அதற்குப் பிறகு அவனும் சிரிக்கவில்லை.

அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அதற்கடுத்த பக்கம். நான்காவது கடிதத்தோடு பென்சில் எழுத்து நின்றுபோனது. மீதித் தாள்கள் வெறுமையாக இருந்தன. நோட்டின் நடுவரைக்கும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான்.

"மிச்சம்?"

இதைத்தான் நான் சொல்லியாக வேண்டியிருந்தது. "நாலு கடுதாசிக்கப்பறம் எனக்குப் பழகிப்போச்சு. அவ பேசப் பேச நேராவே நல்ல தமிழ்ல எழுதிருவேன். பென்சில் தேவப்படல" என்றேன்.

அவன் நோட்டை மூடவில்லை. விரலை நான்காவது கடிதத்தில் வைத்துக்கொண்டே வெளியே தெருவைப் பார்த்தான். காய்கறி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போயிற்று.

"வேற எதுனாச்சும் ஞாபகம் இருக்கா மாமா? அந்த மிச்சத்துல அவ சொன்னது. ஒரு வரி இருந்தாலும் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். அக்கா எதிரே குந்தி உட்கார்ந்திருந்தாள். ஈரக் கை, தோல் வாடை, அவள் உதடு அசைவதுகூடத் தெரிந்தது. அவன் காத்திருந்தான். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். என் காதில், நலம், தங்கள் நலமறிய ஆவல் என்றுதான் விழுந்தது.

"இல்ல மாப்ளே" என்றேன்.

மகள் காபி கொண்டுவந்து வைத்தாள். "குடி மாமா, ஆறிரும்" என்றான். நோட்டு அவன் மடியிலேயே இருந்தது. நான் அதைத் திரும்பக் கேட்கவில்லை. என் பரிசுக் கட்டுரையும் அதோடு போகட்டும்.